மெக்சிகோவில் ஒரு செவ்வாய்ப்பேட்டைக்காரர்

கோரிமேடு தாண்டி அடிவாரம் போகிற சாலையில்
இடதுபக்கம் திரும்பினால் பாரிஸ்.
கோபுரம், எங்கள் தெருவின் செல்போன் டவரைவிடக் குள்ளம்.
பின்னால் சேர்வராயன் மலை நிற்பதால்
போட்டோவில் மட்டும் கம்பீரம்.

ஆளுக்கு எண்ணூற்றைம்பது.
புறங்கையில் ஊதா மையில்
ஓர் ஒட்டகம் குத்தி அனுப்பினார்கள்.
மருந்துச்சீட்டில் நான் குத்துகிற அதே வேகம்,
அதே அலட்சியம்.
மெடிக்கலில் பில் போடுகிறவளுக்கு
வேறென்ன தோன்றும்?

எகிப்தில் வெயில் மட்டும் அசல்.
பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்த மம்மி
கைகளை நீட்டி உறுமியது.
"அண்ணா, பேண்டேஜ் அவுருது" என்றான் தருண்.
ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு
"தேங்க்ஸ்டா தம்பி" என்று
மறுபடி படுத்துக்கொண்டது
மூவாயிரம் வருடத்துப் பிணம்.

ஜப்பானில் பூக்கள் உதிர்வதில்லை,
கம்பியில் கட்டியிருக்கிறார்கள்.
நாத்தனார் சரசா காகிதக்குடை வாடகைக்கு எடுத்து
ஏழு விதமாக நின்றாள்.
எங்கள் மாடிப்படி ஏற முடியாத முட்டி
வளைந்த சிவப்புப் பாலத்தை
மூன்றுமுறை ஏறி இறங்கியது.

'தமிழ்க் கிராமம்' என்றொரு அம்புக்குறி.
"அங்கயிருந்துதான காலைல பஸ் ஏறினோம்"
என்று எதிர்ப்பக்கம் நடந்தார் செங்கோடன்.
அப்படித்தான் மெக்சிகோ வந்தது.

சிமெண்ட் கள்ளிச்செடிகளுக்கு நடுவே நான்கு மணி ஆட்டம்.
கல்யாண அண்டாவின் மூடி அகலத்தில் தொப்பிகள்,
அவற்றின் கீழே மூன்று பேர்.
இரண்டு இளசுகள் கிதாரைச் சும்மா தடவின,
சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.
நடுவில் இருந்தவரின் டிரம்பெட் மட்டும்
நிஜமாகவே ஊதியது.
உச்சத்துக்குப் போகும்போது
இடது கண் இறுக மூடி
வலது தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது.

எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும்.
பதினான்கு ஆவணிக்கு முன்னால்
சின்னக்கடை வீதியில் திறந்த ஜீப்.
மாலை ஊக்கு கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது.
தலை நிமிராதே என்று சொல்லியிருந்தார்கள்.
நிமிர்ந்த ஒரே தடவை நான் பார்த்தது
மாப்பிள்ளையை அல்ல,
ஜீப்புக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி
மழையில் ஊதிக்கொண்டிருந்த
இந்தக் கண்ணை.

ஆட்டம் முடிந்து கள்ளிக்குப் பின்னால் போய்
"அண்ணா, நீங்க செவ்வாய்ப்பேட்டை பேண்டு செட்டுதான?"
"ஸி, ஸி, சின்யோரா" என்றார்.
மேனேஜர் நகர்ந்ததும்
பாதி ஒட்டிய மீசையை எடுத்துவிட்டு
"ஆமாம்மா" என்றார்.
பி.எஃப். பிடிக்கிறார்களாம், மதியம் சாப்பாடாம்.
தொப்பிதான் கனம்,
ஆனால் வெயிலுக்கு நல்லதாம்.
என் கல்யாணம் அவருக்கு ஞாபகமில்லை.
"மழையில எத்தனையோ நின்னாச்சு.
என்ன வாசிச்சேன், சொல்லு?"
வெட்கத்தை விட்டு
இரண்டு வரி முனகிக் காட்டினேன்.
தலையாட்டினாரா,
ஈயை விரட்டினாரா, தெரியவில்லை.

தட்டுவடை செட்டு தின்றுவிட்டுத் திரும்பியபோது
ஆறரை மணி ஆட்டம் தொடங்கியிருந்தது.
சரசாவை யாரும் கூப்பிடவில்லை.
செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு
மேடையேறி ஆடினாள்,
குடும்பத்தில் ஒருவரும் அதுவரை பார்த்திராத ஓர் இடுப்போடு.
மெக்சிகோ மெட்டு ஓடிக்கொண்டே இருந்தது.
ஓட்டத்தின் நடுவில்
தட்டுவடைக்குள் பீட்ரூட் துருவல்போல
அந்த இரண்டு வரி.
இடது கண் மூடியது.
கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை,
கைதட்டிக்கொண்டே இருந்தது.

"இது எங்கயோ கேட்டாப்ல இருக்கே"
என்று பிடரியைச் சொறிந்தார் செங்கோடன்.
"மெக்சிகோ பாட்டு" என்றேன்.

பாரிசுக்கு ஒரே ஸ்விட்சில் விளக்கு வந்தது.
அதற்கு மேலே, கொண்டை ஊசி வளைவுகளில்,
ஏற்காட்டுக்கு ஏறுகிற வண்டிகள்
ஒவ்வொன்றாகத் தெரிந்து
ஒவ்வொன்றாக மறைந்தன.

திங்கட்கிழமை சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்
"கைல என்னம்மா ஒட்டகம்?" என்றார்.
"பாரிஸ்ல குத்துனது" என்று
மீதி நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.